ஜெல்லி மீன் விஷம் குடல் புழுவக் கொல்லுமா?

கொல்லலாம்ங்க, அதுக்கு நான் சண்டைக்கே வரல. பூச்சி மருந்தும்தான் புழுவக் கொல்லும், எடுத்து குடிச்சிருவோமா? ஜெல்லி மீன் விஷத்தையே புழு மருந்தா முழுங்கலாம்னு சொல்றவங்க "இயற்கை விஷம், சைடு எஃபெக்ட் இருக்காது"ன்னு ஆரம்பிக்கிறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு பத்திக்கிட்டு வருது.

ஜெல்லி மீனோட இழை முழுக்க கொட்டுற செல்லு, ஒவ்வொண்ணுலயும் குட்டியா ஒரு பை, அதுக்குள்ள நூல் மாதிரி சுருண்டு கெடக்குற குழாய், ஏதாச்சும் பட்டா சீறிக்கிட்டு வெளிய வந்து குத்தி விஷத்த எறக்கிடும். இதோட சொந்தக்கார உயிரி ஹைட்ராவுல அளந்தப்போ 700 நானோ செகண்டுல அந்த வேலை முடிஞ்சிருக்கு! அந்த விஷத்துல முக்கியமான சரக்கு செல்லு சவ்வுல ஓட்டை போடுற புரதம். ரத்த சிவப்பணு, இதயத் தசைன்னு ஆள் பாக்காம போடும். பெட்டி ஜெல்லி மீன்ல சில வகை நல்லா கொட்டிருச்சுன்னா சில நிமிஷத்துலயே உயிர் போயிடலாம்.

இத மாத்திரையா முழுங்குறோம்னு வைங்க. புரதம்தானே, வயித்துலயே பாதி செரிச்சுரும். சரி, கோட்டிங் குடுத்து குடல் வரைக்கும் பத்திரமா அனுப்பிட்டீங்க. அங்க புழுவுக்கு மேல கெட்டியா ஒரு தோல் இருக்கு, நம்ம குடலோட உள்பக்கம் இருக்குறது ஒரே ஒரு அடுக்கு செல்லு. மொத அடி யாருக்கு விழும்?

புது மருந்து தேவைதான். கிட்டத்தட்ட 150 கோடி பேருக்கு மண்ணு வழியா பரவுற புழு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நாம பெரும்பாலும் நம்பியிருக்குறது அல்பெண்டசோல், மெபெண்டசோல்னு ஒரே வகை மாத்திரைய, அதுலயும் சாட்டைப் புழு ஒரு டோஸுக்கெல்லாம் மசியாது. ஆடுங்க வயித்துல இந்த மருந்துக்கு அசராத புழு எப்பவோ வந்தாச்சு. இயற்கையில தேடுறதும் தப்பில்ல, 2015ல நோபல் வாங்கிக் குடுத்த ஐவர்மெக்டின்ங்குற புழு மருந்து ஜப்பான் மண்ணுல கெடச்ச பாக்டீரியாவுல இருந்து வந்ததுதான்.

ஆனா ஓட்டை போடுற புரதம்தான் வேணும்னா அதுக்கும் மண்ணு பாக்டீரியாவே ஒண்ணு வெச்சிருக்கு, பேரு க்ரை5பி. அது ஒட்டிக்கிற, கொழுப்போட சேந்த ஒரு வகை சர்க்கரை புழுவோட குடல்ல இருக்கு, நம்ம மாதிரி பாலூட்டிகள்ட்ட கெடையாது. வெள்ளெலிக்கு கொக்கிப் புழு வரவெச்சு குடுத்துப் பாத்து, வேலையும் செஞ்சிருக்கு. ஜெல்லி மீன் விஷத்துல இப்படி புழுவ மட்டும் புடிக்கிற ஒரு துண்டப் பிரிச்சுக் காட்டுங்க, நானே மொத ஆளா ஷேர் பண்றேன்.

அப்புறம், காய வெச்சு பொடி பண்ணலாம்னு யாரும் கெளம்பிராதீங்க, செத்து கரை ஒதுங்குனதும் கொட்டும்.