ஸ்பிரிங் கேட்டால் யூஎஸ்டி விற்கிறார்கள்

என் பைக்கின் முன் ஃபோர்க்கில், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதிர்ச்சியை வாங்குகிற இரட்டைக் குழாய்களில், ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், ஆயிலை அளந்து ஊற்ற வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான். போடியில் கேட்டேன், தேனியில் கேட்டேன், மலைக்கு மேலே பூப்பாறைப் பக்கமும் கேட்டுப் பார்த்தேன். எங்கே போனாலும் ஒரே பதில். "அதெல்லாம் எதுக்குண்ணே? யூஎஸ்டி போட்ருவோம். வண்டி சும்மா மிரட்டும்." யூஎஸ்டி என்றால் தலைகீழாகப் பொருத்துகிற ஃபோர்க். எனக்கு வண்டி யாரையும் மிரட்ட வேண்டாம். போடிமெட்டு இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் மொத்தமாக அமுங்கிப் போகாமல் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் காதில் வாங்க ஒரு ஆள் இல்லை.

வண்டி பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. கஃபே ரேசராக, அதாவது குனிந்து ஓட்டுகிற பழைய பந்தய வண்டிப் பாணியில், மாற்றி ஓட்டுகிறேன். ஃபோர்க் பைப்பிலேயே தாழ்வாகக் கவ்வுகிற கிளிப் ஆன் ஹேண்டில், பின்னால் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட், ஒற்றை சீட். முன்பக்கம் கம்பெனி ஃபோர்க்தான்: 35 மில்லிமீட்டர் பைப், மேலும் கீழும் போக 130 மில்லிமீட்டர் ஓட்டம். அது மோசமான ஃபோர்க் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து, அகலமான ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, சாவகாசமாகப் போகிற ஒருவருக்காக அதன் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த வேலையை அது ஒழுங்காகவே செய்கிறது. கிளிப் ஆன் போட்டதும் கதை மாறுகிறது. நெஞ்சு டேங்குக்கு மேலே வருகிறது, கைகள் வழியாக உடம்பின் பாரம் முன் சக்கரத்துக்கு இறங்குகிறது. அப்படியானால் முன் ஸ்பிரிங் கூடுதல் பாரத்தைத் தாங்க வேண்டுமா, வேண்டாமா? கிளிப் ஆன் போட்டுத் தருகிற கடைகளில் எத்தனை பேர் இதை வாயைத் திறந்து சொல்கிறார்கள்? டேங்குக்கு என்ன கலர், சீட்டுக்கு என்ன தையல் என்று அரை நாள் பேசுவார்கள். பாரம் எங்கே போனது என்று ஒரு வார்த்தை கிடையாது.

இது எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு இல்லை. ஏலத்தோட்டத்துக் கணக்கு வேலை, மேலே போய்த்தான் ஆக வேண்டும். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலே போகும், சாயங்காலம் அதே வேகத்தில் கீழே இறங்கும். ஏற்றத்தில் பிரச்சினை இல்லை. இறக்கத்தில்தான் முழு நேரமும் பிரேக்கில் கை இருக்கும். இறக்கத்தின் சாய்வு, பிரேக்கின் இழுப்பு, கிளிப் ஆன் மேல் சாய்ந்திருக்கிற என் எடை, மூன்றும் சேர்ந்து முன் ஃபோர்க்கின் மேல்தான் உட்காருகின்றன. 130 மில்லியில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வளைவின் நடுவில் ஒரு குழி வந்தால் ஃபோர்க் இறங்க இடம் ஏது? இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம் கேட்கும், டயர் ரோட்டை விட்டு எழும்பும். எழும்பின டயரால் வண்டியைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. ஆனி, ஆடிச் சாரலில் ரோடு நனைந்திருக்க, பின்னால் ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வர, அந்த ஒரு நொடி எப்படி இருக்கும் என்று யூஎஸ்டி விற்கிறவர்கள் ஒரு தடவையாவது வந்து பார்க்கட்டும்.

சரி, கடைகளில் என்ன செய்து தந்தார்கள் என்று சொல்கிறேன்.

ஒரு இடத்தில் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லி வண்டியை விட்டேன். சாயங்காலம் போனால், "டைட் பண்ணியாச்சுண்ணே, இனிமே இறங்காது" என்றார். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங் அதேதான், அதன் தலையில் வாஷர்களை அடுக்கி வைத்திருக்கிறார். வாஷர் வைத்தால் ஸ்பிரிங் கடினமாகாது ஐயா! வண்டி நிற்கிற உயரம்தான் கொஞ்சம் ஏறும். ஒரு மில்லி அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்பது அந்தக் கம்பியிலேயே இருக்கிறது. கம்பியின் தடிமன், சுற்றின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, இந்த மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கும். அதிலும் தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. கம்பி பத்தில் ஒரு பங்கு தடித்தாலே, மற்றது மாறாமல் இருந்தால், ஸ்பிரிங் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கடினமாகிவிடும். அதனால்தான் "பார்க்க ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்று வேறு வண்டி ஸ்பிரிங்கை எடுத்து நுழைப்பதும் எனக்கு ஆத்திரத்தை வரவைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்ன வித்தியாசம் வளைவில் நன்றாகத் தெரியும். வாஷரை அளவுக்கு மேல் அடுக்கினால் இன்னொரு தொல்லையும் உண்டு. பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்க ஓட்டமே மிச்சம் இருக்காது, ஒவ்வொரு பள்ளத்திலும் ஃபோர்க் 'டக்' என்று மேல்முட்டு முட்டும்.

உட்கார்ந்தால் ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஃபோர்க் பைப்பில் ஒரு கேபிள் டை, ஒரு ஸ்கேல், வண்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள். முன் சக்கரம் தொங்கும்போது ஓர் அளவு, ஹெல்மெட் ஜாக்கெட்டோடு நாம் உட்காரும்போது ஓர் அளவு. மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் இறங்கினால் சரி, அதாவது என் வண்டிக்கு 40 மில்லிக்குள். ஸ்பிரிங்கையும் அளக்கலாம். தெரிந்த எடையை அதன் மேல் வைத்து எத்தனை மில்லி அமுங்குகிறது என்று பார்த்தால் போதும். 25 கிலோவுக்கு 50 மில்லி அமுங்கினால் மில்லிக்கு அரை கிலோ. ஏலக்காய் எடை போடுகிற இந்த ஊரில் தராசுக்கா பஞ்சம்? ஆனால் நான் போன எந்தக் கடையிலும் ஸ்கேலைக் கையில் எடுத்த ஆளைப் பார்க்கவில்லை. கையால் ரெண்டு அமுக்கு அமுக்கிவிட்டு, "ஷாக்கு சூப்பரா இருக்குண்ணே." இதுதான் சோதனை.

ஆயில் கதை இதைவிட மோசம். "திக்கான ஆயில் ஊத்தினா ஹார்ட் ஆயிடும்" என்று இன்ஜினுக்கு ஊற்றுகிற 20டபிள்யூ 50-ஐயே ஃபோர்க்கில் ஊற்றுகிறார்கள். ஆயில் எடையைத் தாங்காது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆயில் வேகத்தைத்தான் தடுக்கும். இந்த மாதிரி பழைய வகை ஃபோர்க்கில் ஆயில் சின்ன ஓட்டைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். குழியில் சக்கரம் சட்டென்று ஏறும்போது அந்த ஓட்டை அடைத்த மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் தடுப்பு வேகத்தோடு சேர்ந்து சமமாக ஏறாது, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதில் கெட்டியான ஆயிலையும் ஊற்றினால் ஒவ்வொரு குழியும் நேராக மணிக்கட்டில் இறங்கும். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் இறங்குவதோ நிற்காது, கொஞ்சம் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். ஆக, இறங்குவதும் இறங்கும், குத்துவதும் குத்தும். இதற்குக் கூலி வேறு!

அப்புறம் அளவு. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆயில் எத்தனை மில்லி கீழே இருக்கிறது என்று இரண்டு பக்கமும் சமமாக அளக்க வேண்டும். மேலே இருக்கிற அந்தக் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஓட்டத்தின் கடைசியில் ஃபோர்க் இடிக்காமல் காப்பாற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நான் பார்த்தவரை எல்லோரும் டப்பாவைச் சாய்த்துக் கண்ணளவில் ஊற்றுகிறார்கள். இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் ஒரு அளவு.

ஆயில் சீலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பைப்பில் துரு பிடித்துக் குரோம் உரிந்திருந்தால் புது சீல் நிற்காது, அந்தச் சொரசொரப்பு சீலின் உதட்டை அறுத்துவிடும். பைப்பைத் தொடாமல் சீலை மட்டும் மாற்றி, அது கசிந்ததும் "கம்பெனி சீல் இப்ப எல்லாம் சரியில்லண்ணே" என்று பழியை எங்கேயோ போடுகிறார்கள். கசிகிற ஆயில் வழிந்து எங்கே போகும்? டிஸ்க்குக்கும் பிரேக் பேடுக்கும்தான். மலை இறங்குகிற வண்டியில்!

இப்போது அந்த யூஎஸ்டிக்கு வருகிறேன். தலைகீழ் ஃபோர்க்கின் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. தடித்த குழாய் மேலே, பிடிக்கிற இடத்தில் இருப்பதால் வளைவது குறைவு. நல்ல பொருள்தான். ஆனால் அது எந்த வண்டிக்காகப் பிறந்ததோ அந்த வண்டிக்கு நல்ல பொருள். இங்கே எல்லோரும் போடச் சொல்வது கேடிஎம் டியூக்கின் 43 மில்லி ஃபோர்க், அதுவும் விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து கழற்றினது. பைப் வளைந்திருக்கிறதா என்று உருட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்த வண்டி என் வண்டியைவிட எடை குறைந்தது. அதன் ஸ்பிரிங் அந்த எடைக்கானது. ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறது என்பதுதானே என் புகார்? அதற்கு மருந்தாக இலகுவான வண்டியின் ஸ்பிரிங்கைத் தருகிறார்கள்!

உயரத்தைப் பாருங்கள். என் முன் டயர் 90/90-19. டியூக் 390-ல் வருவது 110/70-17. இந்த இரண்டு டயர்களின் ஆரத்தில் மட்டும் கிட்டத்தட்ட 30 மில்லி வித்தியாசம். சக்கரத்தை மாற்றினதற்கே முன்பக்கம் அவ்வளவு இறங்கிவிடும், ஃபோர்க்கின் நீள வித்தியாசம் தனி. இந்த நீளத்து வண்டியில் முன்பக்கம் 25 மில்லி இறங்கினால் ஸ்டீரிங்கின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிரும். நிமிர்ந்தால் ட்ரெயில் குறையும். ஸ்டீரிங் அச்சை நீட்டினால் தரையைத் தொடுகிற புள்ளிக்கும் டயர் தொடுகிற இடத்துக்கும் உள்ள தூரம் அது. வண்டி தானாக நேராக ஓடுவதில் பெரும்பங்கு அந்தத் தூரத்துக்குத்தான். பிரேக் பிடித்து ஃபோர்க் அமுங்கும்போது அது இன்னும் சுருங்கும். ஆக, சமதளத்தில் கொஞ்சம் துறுதுறுவென்று இருக்கிற ஸ்டீரிங், இறக்கத்தில் பிரேக்கோடு சேர்ந்தால் கைக்கு அடங்காது. "புது ஃபோர்க்குக்கு ட்ரெயில் எவ்வளவு வரும்?" என்று ஒரு கடையில் கேட்டேன். "டிரையல் பாத்துட்டுத்தாண்ணே குடுப்போம்" என்றார்.

அதைவிட வயிற்றைக் கலக்குகிற விஷயம் ஸ்டெம், ஃபோர்க்கை வண்டியோடு இணைக்கிற தண்டு. டியூக்கின் ஸ்டெம், அது நுழைகிற நம் ஹெட் பைப்புக்குச் சரியாக உட்காராது, நீளமும் பேரிங் அளவும் வேறு. என்ன செய்கிறார்கள்? பட்டறையில் கிடக்கிற ஏதோ ஒரு இரும்புத் துண்டை லேத்தில் கடைந்து, அடித்து இறக்கி, மேலே ஒரு வெல்டிங் வைக்கிறார்கள். அது என்ன இரும்பு? தெரியாது. முன் சக்கரம், பிரேக், ஓட்டுகிறவனின் உயிர் எல்லாம் தொங்குவது அந்த ஒற்றைத் துண்டில். என் நண்பர் ஒருவரின் வண்டியில் இப்படிச் செய்த ஸ்டெம் கொஞ்ச நாளில் ஆட்டம் கொடுத்தது. பிரேக் பிடித்தால் ஹேண்டிலே முன்னும் பின்னும் அசைந்தது. திருப்பிக் கொண்டுபோனதற்கு, "கோன் செட்டை டைட் வச்சா சரியாயிரும் தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கஃபே ரேசர் என்றால் என்ன என்றே இவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. 1960-களில் லண்டனில் ஏஸ் கஃபே பக்கம் சுற்றின பையன்கள் ட்ரைட்டன் என்று ஒரு வண்டி கட்டினார்கள். இன்ஜின் ட்ரையம்ஃப், சட்டம் (ஃப்ரேம்) நார்ட்டன். ஏன் நார்ட்டன்? 1950-ல் ஐல் ஆஃப் மேன் தீவுப் பைக் பந்தயத்தில் ஜெயித்த அந்தச் சட்டமும், அதோடு வந்த ரோட்ஹோல்டர் ஃபோர்க்கும் வளைவில் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் என்பதற்காக. அந்த ஏழைப் பையன்கள் காசு சேர்த்ததே நல்ல சட்டத்துக்கும் நல்ல ஃபோர்க்குக்கும்தான். இங்கே சீட்டுக்குப் பின்னால் ஒரு கூம்பு, எக்ஸாஸ்டில் துணி சுற்றல், முன்னால் தங்கக் கலரில் ஒரு ஃபோர்க் இருந்தால் கஃபே ரேசர் ஆகிவிடுகிறது.

போடிமெட்டில் கேரள எல்லையைத் தாண்டினால் இன்னொரு பயம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று, அது கேரளத்திலிருந்து போன வழக்கு. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றும் இருக்கிறது. மாட்டினால் பிடிபடுவது வண்டிக்காரன். யூஎஸ்டி போட்டுக் காசு வாங்கின கடைக்காரருக்கு ஒரு கேள்வியும் கிடையாது. போடும்போது அவர்களில் ஒருவராவது இதைச் சொல்ல வேண்டாமா?

ஃபோர்க்கைக் கழற்றி, பைப்பை உருட்டிப் பார்த்து, என் எடைக்குக் கணக்குப் பண்ணி அமுங்க அமுங்கக் கடினம் மாறாத நேர் ஸ்பிரிங் போட்டு, புது சீல் வைத்து, சரியான ஆயிலை இரண்டு பக்கமும் அளந்து ஊற்றித் தர வேண்டும். முடிந்தால் உள்ளே எமுலேட்டர் வால்வு, குழியில் ஆயிலுக்குக் கூடுதல் வழி திறந்துவிடுகிற வால்வு. இதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்கிறேன், யூஎஸ்டிக்குச் சொல்கிற கூலியைக் கேட்டாலும் பேரம் பேசாமல் தருகிறேன். போடி, தேனி, கம்பம், குமுளி, அடிமாலி, எங்கே இருந்தாலும் சரி, ஸ்கேலும் தராசும் வைத்து வேலை செய்கிற மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். தங்கக் கலர் ஃபோர்க்கின் போட்டோவை மட்டும் தயவுசெய்து யாரும் எனக்கு அனுப்பாதீர்கள்.