எடுத்த சதையை வீசிவிடக் கூடாது

வியர்வைச் சுரப்பிப் புற்றுநோய் மிக அரிது, ஆகவே அஞ்சத் தேவையில்லை என்று இந்நோய் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று முடித்திருப்பது எனக்கு நிறைவளிக்கவில்லை. கோபிச்செட்டிபாளையத்துக்கு அருகே மஞ்சள் காட்டில் உழைத்த என் அமுச்சியின் (அம்மாவின் அம்மா) கணுக்காலில் பட்டாணி அளவில் சிவந்த கட்டி ஒன்று பல ஆண்டுகளாக இருந்தது. சேலைக் கரை உரசினாலே இரத்தம் கசியும், அவரோ துடைத்துவிட்டு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொள்வார். மரு என்று கருதிய ஒரு மருத்துவர் அதைச் சுட்டு எடுத்தார். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அது மீண்டும் வளர்ந்து, தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகே, கோவையில் செய்த பயாப்ஸியில் (சதைத் துணுக்குப் பரிசோதனையில்) அது எக்ரைன் போரோகார்சினோமா எனும் வியர்வைச் சுரப்பிப் புற்றுநோய் என்று தெரியவந்தது.

1963-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய் பெரும்பாலும் முதியவர்களுக்கு, குறிப்பாகக் கால்களிலும் தலை, கழுத்துப் பகுதிகளிலும் வருகிறது. நெடுநாள் தீங்கின்றி இருந்த போரோமா எனும் வியர்வைச் சுரப்பிக் கட்டியிலிருந்தும் உருவாகலாம். வெறும் பார்வையில் இதை மருவிலிருந்து பிரித்தறிவது தேர்ந்த தோல் மருத்துவருக்கும் கடினம் என்பதால்தான் நுண்ணோக்கிப் பரிசோதனை இன்றியமையாததாகிறது. நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுமுன், சுற்றியுள்ள நல்ல தோலில் சிறிதளவையும் சேர்த்து முழுமையாக அகற்றிவிட்டால், குணமாகும் வாய்ப்பு மிகுதி. கட்டுரையாளர் இந்த ஒரு செய்தியையாவது சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.