அது டெலிபோன் டைரக்டரி இல்லை

சனிக்கிழமை நடந்த நிரலாளர் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். அதனால் முழுக்கதையையும் திரும்ப எழுதவில்லை. சி++ நிரல்மொழி படிக்க ஆரம்பித்திருக்கும் ஒரு தம்பி, "அடுத்து என்ன படிக்கலாம்?" என்று கேட்டார். ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கான (மொழியோடு சேர்ந்தே வரும் தயார் நிரல்களின் தொகுப்பு) நல்ல ரெஃபரன்ஸ் புத்தகம் ஒன்றை எடுத்து, அவசரமில்லாமல் முதலிலிருந்து புரட்டுங்கள் என்றேன். மேடையில் இருந்தவர் மைக்கைப் பிடித்து, "சார், டெலிபோன் டைரக்டரியை மனப்பாடம் பண்ணச் சொல்ற மாதிரி இருக்கு. ஒரு புள்ளி வெச்சா எடிட்டரே லிஸ்ட் காட்டிடும்" என்றார். அரங்கம் சிரித்தது. கேட்ட தம்பியும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாளாக அது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டைரக்டரியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பெயர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. லைப்ரரிப் புத்தகத்தில் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களுக்குச் சம்பந்தம் உண்டு, அதற்காகத்தான் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். நிரல் எழுதும் எடிட்டர் நீங்கள் கேட்டதைக் காட்டும். தேடுபொறி நீங்கள் தட்டிய சொல்லைத் தேடும். எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாத இடத்தில் இரண்டும் கைவிட்டுவிடும். புத்தகம் மட்டும்தான் நீங்கள் கேட்காததையும் சொல்லும்.

அந்தப் புள்ளி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் பெட்டிக்கு வெக்டர் என்று பெயர். ஒரு வெக்டர் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்தால் எடிட்டர் என்ன காட்டும்? அந்த வெக்டருக்கு உள்ளே இருக்கும் செயல்பாடுகளைக் காட்டும். சி++ லைப்ரரியின் அல்காரிதங்கள், அதாவது தேடுவது, வரிசைப்படுத்துவது போன்ற பொதுவான வேலைகள், எதுவும் வெக்டருக்கு உள்ளே இல்லை. வரிசைப்படுத்தும் சார்ட், பார்ஷியல் சார்ட், என்த் எலிமென்ட், இடம் தேடித் தரும் லோயர் பவுண்ட், சுழற்றி மாற்றும் ரொட்டேட் எல்லாம் வெளியே தனியாக நிற்பவை. எந்தப் பெட்டியோடும் அவை வேலை செய்ய வேண்டும், பெட்டிக்கும் வேலைக்கும் நடுவே இட்டரேட்டர் (பெட்டிக்குள் ஒரு இடத்தைச் சுட்டும் குறி) மட்டும் இருந்தால் போதும் என்பதுதான் இந்தப் பகுதியை உருவாக்கிய அலெக்சாண்டர் ஸ்டெபனோவின் வடிவமைப்பே. 1994-ல் அது சி++ மொழியின் அதிகாரபூர்வ விதிகளான தரநிலையின் வரைவுக்குள் வந்த நாளிலிருந்து இதுதான் நிலைமை. நாள் முழுக்கப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பட்டியலில் அவை வராது.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பத்து லட்சம் பதிவுகளில் மதிப்பு அதிகமான 10-ஐ மட்டும் எடுத்துத் தரும் ஒரு நிரலை எழுதினேன். எனக்குத் தெரிந்தது சார்ட். பத்து லட்சத்தையும் வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் 10-ஐ எடுத்துக்கொண்டு, மீதியைத் தூக்கிப்போட்டேன். சரியான விடைதான் வந்தது. மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தபோது, "சார்ட்டை வேகப்படுத்துவது எப்படி" என்று தேடினேன். கிடைத்த பதில்களும் சார்ட்டை வேகப்படுத்தும் வழிகள்தான். கேள்வியே தப்பு என்று எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் நான் அதைக் கேட்கவில்லை. மாதங்கள் கழித்து, வேறு எதற்கோ புத்தகத்தைத் திறந்தபோது சார்ட்டை ஒட்டியே பார்ஷியல் சார்ட் இருந்தது. முதல் சிலவற்றை மட்டும் வரிசையாக எடுத்துத் தரும், மற்றவை எப்படிக் கிடந்தாலும் கவலைப்படாது. அதற்கும் அடுத்து, வரிசைப்படுத்தினால் இத்தனையாவது இடத்தில் எது வரும் என்பதை மட்டும் சரியாக வைக்கும் என்த் எலிமென்ட். எத்தனை மாதம் அந்தப் பக்கம் என் மேஜை மேலேயே மூடிக் கிடந்திருக்கிறது!

இன்னொன்றும் சொல்கிறேன். இதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. சார்ட்டுக்கு, இரண்டில் எது முன்னால் என்று சொல்லும் ஒரு ஒப்பீட்டை நாமே எழுதிக் கொடுப்போம் இல்லையா, அதில் "சிறியது" என்று எழுதவேண்டிய இடத்தில் "சிறியது அல்லது சமம்" என்று எழுதிவிட்டேன். நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. 10 பதிவுகளோடு சோதித்தேன், ஓடியது. வாடிக்கையாளரின் உண்மையான தரவில், ஒரே தேதியோடு ஆயிரக்கணக்கில் பதிவுகள் வந்தபோது நிரல் விழுந்தது. விழுந்த இடமும் சார்ட் இல்லை. எங்கேயோ தள்ளி, சம்பந்தமே இல்லாத ஒரு இடம். நான்கு இரவுகள் நினைவகப் பிழைகளைப் பற்றியே தேடிக்கொண்டிருந்தேன்.

விடை புத்தகத்தில் ஒரே பத்தியாக இருந்தது. இரண்டு மதிப்புகள் சமம் என்றால் ஒப்பீடு "இல்லை" என்றுதான் சொல்ல வேண்டும், அந்த ஒப்பந்தத்தை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. 10 பதிவில் ஏன் பிழைத்தது என்பதும் பிறகு விளங்கியது. ஜிசிசி என்ற கம்பைலரோடு வரும் லைப்ரரியில் 16-க்கு மேல் போகாத வரிசைகளை இன்செர்ஷன் சார்ட் என்ற எளிய முறை பார்த்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் வேறு முறை, அது நம் ஒப்பீட்டை நம்பி எல்லையைச் சரிபார்க்காமலே நகரும். எல்லாம் சமமாக இருந்து நாம் "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே போனால் வரிசையைத் தாண்டி வெளியே ஓடிவிடும். இதை எந்த எடிட்டர் காட்டும்? எந்தப் புள்ளி காட்டும்?

"புத்தகம் பழசாகிவிடும்" என்பார்கள். உண்மை, அதை மறைக்க மாட்டேன். 1998 தரநிலையில் வந்த ஆட்டோ பாயின்டர் என்ற வசதியை 2011-ல் தவிர்க்கச் சொன்னார்கள், 2017-ல் எடுத்தே விட்டார்கள். கலைத்துப் போடும் ரேண்டம் ஷஃபிளும் அதே 2017-ல் போனது. சி மொழியில் ஒரு வரியை உள்வாங்கும் கெட்ஸ் 2011-ல் போனது. பழைய புத்தகத்தை மட்டும் நம்பினால் இதிலெல்லாம் மாட்டிக்கொள்வோம். எழுதுகிறவர்களுக்கும் இது தெரியும். நிக்கோலாய் ஜோசுட்டிஸின் சி++ லைப்ரரிப் புத்தகம் 1999-ல் வந்தது, மொழி மாறியதும் 2012-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. ஆனால் லோயர் பவுண்டுக்கு வரிசைப்படுத்திய தரவு வேண்டும் என்பது மாறவில்லை. வெக்டர் வளர்ந்து நினைவகத்தில் வேறு இடத்துக்குப் பெயர்ந்தால் பழைய இட்டரேட்டர்கள் செல்லாது என்பது மாறவில்லை. நான் நான்கு இரவு தொலைத்த அந்த ஒப்பந்தமும் மாறவில்லை.

இலவசமாக இணையத்தில் எல்லாம் இருக்கிறதே என்பவர்களுக்கு: நானும் தினமும் அதைத்தான் திறக்கிறேன். பெயர் தெரிந்த பிறகு.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமே என்ற கேள்வியும் வருகிறது. கேளுங்கள். வரும் பதில் சரியா என்று பார்க்க உங்களுக்குள் ஏதாவது இருக்க வேண்டும். ரிமூவ் என்ற அல்காரிதம் எதையும் நீக்காது, மிச்சமிருக்க வேண்டியவற்றை முன்னால் நகர்த்திவிட்டுப் புதிய முடிவு எங்கே என்று மட்டும் சொல்லும், வெக்டரின் அளவு அப்படியே இருக்கும். அதன் கையில் இருப்பது இட்டரேட்டர்கள் மட்டும், பெட்டி இல்லை, பின் எப்படிப் பெட்டியைச் சுருக்கும்? இந்த "ஏன்" மனதில் பதிந்துவிட்டால், ஒரு வரியைப் பார்த்ததும் எங்கோ இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அப்படி இடிப்பது, ஆற அமரப் படித்ததிலிருந்து வருவது.

"அவருக்கு வயசாயிடுச்சு, அவர் காலத்துப் பழக்கம்" என்றும் பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். கேட்டது. 1992-ல் பி.ஜே. பிளாகர் சி லைப்ரரி முழுவதையும் மூல நிரலோடும் சோதனைகளோடும் ஒரு புத்தகமாகவே அச்சிட்டார். அந்தக் காலத்திலும் அவசரக்காரர்கள் இருந்தார்கள், பொறுமையாகப் படித்தவர்களும் இருந்தார்கள். இதில் வயது எங்கே வந்தது?

என்னை மட்டும் பார்த்துச் சிரித்திருந்தால் பரவாயில்லை. ஒரு கேள்வி கேட்டவர், தன் கேள்வியே முட்டாள்தனமோ என்று நினைத்து உட்கார்ந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், சொல்லிவிடுகிறேன். அன்று அதே மேடையில் காட்டிய ஸ்லைடில், ஒரு பெயர் மேப்பில் (பெயருக்கு ஒரு மதிப்பு என்று சேர்த்து வைக்கும் பெட்டி) இருக்கிறதா என்று சதுர அடைப்பு போட்டுச் சோதித்திருந்தார்கள். அந்த அடைப்பு வெறுமனே தேடாது. பெயர் இல்லாவிட்டால் ஒரு வெற்று மதிப்போடு அங்கேயே சேர்த்துவிடும். சோதிக்கச் சோதிக்க மேப் வீங்கிக்கொண்டே போகும். எதையும் சேர்க்காமல் தேடும் ஃபைண்ட் போட்டிருக்க வேண்டும், 2020 தரநிலை என்றால் கன்டெய்ன்ஸ். ரெஃபரன்ஸ் புத்தகத்தில் மேப் அத்தியாயத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். அன்று எழுந்து நின்று இதைச் சொல்லியிருந்தால் அரங்கம் மேடையில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்திருக்கும். எனக்கு அது வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்லைடை மட்டும் திருத்திவிடுங்கள், அதைப் பார்த்து எழுதப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

தம்பி, நீங்கள் இதைப் படித்தால்: இட்டரேட்டர் அத்தியாயத்தில் தொடங்குங்கள். பிடிபடவில்லை என்றால் விட்டுவிட்டு வெக்டரைப் படித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு என் பிரதியைக் கொண்டு வருகிறேன், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அல்காரிதம் பகுதியில் ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள் இருக்கும். அதில் சில தப்பு. முதல் தடவை நான் தவறாகப் புரிந்துகொண்டவை, கீழேயே சரியானதையும் எழுதியிருக்கிறேன்.