டில்ஃபரை மறந்துவிட்டீர்கள்
அமெரிக்கக் கால்பந்தில் “அடக்கி ஆடும் குவார்ட்டர்பேக்கை வைத்து சூப்பர் பவுல் ஜெயிக்கவே முடியாது” என்று நீங்கள் சொன்னது தவறு. (குவார்ட்டர்பேக் என்றால் பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்; அடக்கி ஆடுபவர் என்றால் துணிச்சலான எறிதல்களைத் தவிர்ப்பவர்; சூப்பர் பவுல் என்றால் சீசனின் இறுதிப் போட்டி.) 2000 சீசனில் பால்டிமோர் ரேவன்ஸ் அணி ஜெயித்தது டிரென்ட் டில்ஃபரை வைத்துத்தான். ஜெயன்ட்ஸ் அணிக்கு எதிரான அந்த இறுதிப் போட்டியில் அவர் 25 முறை எறிந்ததில் 12 தான் கைசேர்ந்தது, மொத்தம் 153 யார்டு. ஆனால் ஒரு இன்டர்செப்ஷன்கூட (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது) இல்லை! ஸ்கோர் 34-7. அந்த 7 புள்ளியும் கிக்ஆஃப் ரிட்டர்னில், அதாவது ரேவன்ஸ் உதைத்த பந்தைப் பிடித்து ஓடியதில் வந்தது; அப்போது களத்தில் இருந்தது தடுப்பாட்டப் பிரிவு அல்ல. ரேவன்ஸ் தடுப்பாட்டம் ஒரு டச்டவுனும் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது) விடவில்லை. சீசனின் 16 ஆட்டங்களிலும் சேர்த்தே அவர்கள் விட்டது 165 புள்ளிதான்.

அப்படியொரு தடுப்பாட்டம் அமைவது அபூர்வம், ஒப்புக்கொள்கிறேன். கடினம் என்று சொல்லுங்கள், சரி. முடியாது என்று சொல்லாதீர்கள். 2015 சீசன் டென்வர் அணியையும் பாருங்கள்: இறுதிப் போட்டியில் அவர்களின் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் எறிந்தது வெறும் 141 யார்டு, கோப்பை அவர்களுக்குத்தான்.