பவுலாவாவின் இடிந்த சுவர்கள்

லித்துவேனியா என்றாலே பயணப் படங்களில் வருவது பிரபுக்களின் மாளிகைகள்தான். பிளுங்கேயில் ஒகின்ஸ்கி குடும்பம் 1879இல் கட்டிய அரண்மனை இன்று அருங்காட்சியகம். அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த மாளிகைக்குக் கூரையே கிடையாது. தலைநகர் வில்னியுஸுக்குத் தெற்கே, புல்வெளி நடுவில் செங்கலும் கல்லுமாகச் சில சுவர்கள், சன்னல் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. ஊர் பெயர் பவுலாவா.

1767இல் இந்தப் பண்ணையை வாங்கியவர் பாவெல் பிஷோஸ்தோவ்ஸ்கி. பிரபு குடும்பத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். அப்போது அங்கே விவசாயி என்றால் பண்ணையடிமை. வாரத்தில் இத்தனை நாள் பண்ணையார் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது. நிலம் கைமாறினால் அதோடு ஆட்களும் கைமாறுவார்கள். இவர் 1769இல் அதை ஒழித்தார். இலவச உழைப்புக்குப் பதில் குத்தகைப் பணம். அதோடு நிற்கவில்லை. சுமார் 3,000 ஹெக்டேரில் வாழ்ந்த ஏறத்தாழ 800 பேருக்கு ஓர் அரசமைப்பு எழுதி, அந்த இடத்துக்குக் குடியரசு என்றே பெயர் வைத்தார்! விவசாயிகளே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், சபை கூடியது. பள்ளிக்கூடம் வந்தது, மருத்துவம் வந்தது, கஷ்டகாலத்தில் கைகொடுக்க ஒரு பொது நிதி வந்தது, ஊர்ப் படையும் வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு 20 வருடம் முன்னால் நடந்த கதை இது. பண்ணை வருமானம் குறையவில்லை, கூடியது. 'அடிமை இல்லாமல் விவசாயம் நடக்காது' என்ற பேச்சுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

சரி, ஏன் நிலைக்கவில்லை? எனக்கு நெருடுவது இங்கேதான். குடியரசின் தலைவர் அவரே. நிலமும் அவர் பெயரில்தான். உழுதவனுக்கு உரிமை கிடைத்தது, பட்டா கிடைக்கவில்லை. 1791இல் நாட்டின் பாராளுமன்றமே இந்த ஏற்பாட்டை அங்கீகரித்தது. ஆனால் அன்று ஒரே நாடாக இருந்த போலந்து-லித்துவேனியாவை 1795இல் அண்டை வல்லரசுகள் பங்குபோட்டு முடித்தன; இந்தப் பகுதி ரஷ்யாவின் பங்கில் போனது. அங்கீகரித்த அந்த நாடே இல்லாமல் போனது. பண்ணையும் கைமாறியது, குடியரசு முடிந்தது. உரிமை கொடுத்த அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் தந்ததைக் காப்பாற்ற அந்த விவசாயிகள் கையில் ஒரு துண்டு நிலம்கூட இல்லை என்பதை அந்த மரியாதைக்காக மறைத்துப் பேச என்னால் முடியாது.

இத்தனைக்கும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1794இல் தளபதி கோசியுஸ்கோ ரஷ்ய ஆதிக்கத்துக்கு எதிராக நடத்திய எழுச்சியின்போது ரஷ்யப் படையை எதிர்த்து அந்த ஊர்ப் படை ஆயுதம் ஏந்தியது. நேற்றுவரை அடிமையாக இருந்தவர்களின் பிள்ளைகள், தங்களுடையது என்று நம்பிய ஒன்றுக்காக நின்றார்கள். மறுவருடமே எல்லாம் போயிற்று. ரஷ்யப் பேரரசு பண்ணையடிமை முறையை ஒழித்தது 1861இல். அதாவது அவர்களின் பேரன், கொள்ளுப்பேரன் காலத்தில்.

வில்னியுஸ் போகிறவர்கள் எல்லோரும் டிராகாய் கோட்டைக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். அப்புறம் ஒரு அரை நாள் மிச்சமிருந்தால் பவுலாவாவுக்கும் போய் அந்தச் சுவர்களைத் தொட்டுப் பாருங்கள்.