699 ஓட்டு

"கலைஞர் நின்ற தேர்தலில் தோற்றதே இல்லை" என்ற பதிவு வருஷத்துக்கு இரண்டு தடவை கண்ணில் படும். அவர் பிறந்த நாளான ஜூன் 3 ஒன்று, மறைந்த நாளான ஆகஸ்ட் 7 ஒன்று. உண்மைதான். 1957 குளித்தலையில் ஆரம்பித்து 2016 திருவாரூர் வரை 13 தடவை நின்றார், 13 தடவையும் ஜெயித்தார். ஆனால் மொத்தமாக இப்படிச் சொல்லும்போது தொகுதி என்னவோ அவர் வீட்டுத் திண்ணை மாதிரியும், போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி என்பது மாதிரியும் ஆகிவிடுகிறது.

1980 அண்ணா நகரை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே அதிமுகவின் டாக்டர் ஹண்டே. வித்தியாசம் 699 ஓட்டு. நாலு தெருக்காரர்கள் மனசு மாறியிருந்தால் இந்தப் பெருமைப் பதிவே கிடையாது. ராஜீவ் கொலைக்குப் பிறகு நடந்த 1991 தேர்தலில் திமுகவே அடித்துச் செல்லப்பட்டது. துறைமுகம் தொகுதியில் அவர் கரையேறியது 890 ஓட்டில். அதற்கும் முன்னால் 1962. ஐந்து வருஷம் முன்பு திமுகவிலிருந்து சட்டசபைக்குப் போன 15 பேரில் அந்தத் தடவை ஜெயித்தவர் இவர் ஒருவர்தான். காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். இவரோ குளித்தலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்குப் போய், காங்கிரஸின் பரிசுத்த நாடாரை ஜெயித்து வந்தார்.

எனக்குக் குறை இருப்பதும் இங்கேதான். சட்டசபையில் அவருடைய முதல் பேச்சே குளித்தலைத் தொகுதியின் நங்கவரம் விவசாயிகளைப் பற்றியது. முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர் தொகுதியின் நிலப் பிரச்சினையைக் கோட்டைக்குக் கொண்டுபோனார். எம்.எல்.ஏ. என்றால் எனக்கு அந்தக் கலைஞர்தான். ஆனால் அந்த ஜனங்களிடம் அவர் மறுபடி ஓட்டுக் கேட்டு வரவேயில்லை. அப்புறம் சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் என்று சென்னையோடு நின்றுபோனார். கட்சித் தலைவர் மாநிலம் முழுக்கச் சுற்ற வேண்டும், பக்கத்துத் தொகுதிதான் தோது என்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். 1991இல் ஜெயித்த கையோடு, கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று எம்.எல்.ஏ. பதவியை விட்டாரே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தோற்றது கட்சி. துறைமுகத்துக்காரர்கள் அவரை ஜெயிக்கத்தானே வைத்தார்கள்?

கடைசியில் சொந்த மண்ணான திருவாரூருக்கே வந்தார். 2016இல் வித்தியாசம் 68,366. அந்த மாநிலத் தேர்தலிலேயே அதுதான் பெரியது. அதற்கு முந்தைய அவையில், சக்கர நாற்காலியோடு உட்கார வசதியாக இடம் கேட்டும் கிடைக்கவில்லை. கோட்டைக்கு வந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.