எழும்பி நிற்க வைக்கப்பட்ட பிள்ளைகளுக்காக

கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், கிடைத்த பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை நடந்த கௌரவிப்பு விழாக் காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பகிர்ந்தும் இருக்கிறீர்கள். மாலை போட்டது, பரிசு கொடுத்தது எல்லாம் நல்ல விசயம். அந்தப் பிள்ளைகள் கஷ்டப்பட்டுப் படித்தவர்கள். ஆனால் கம்பஸ் கிடைக்காத பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்து, "இவையளைப் பாருங்கோ, இப்பிடி வராட்டி உங்கட வாழ்க்கை வீண்" என்று மேடையில் ஒருவர் ஒலிவாங்கியில் சொன்னாரே, அதற்கு எப்படிக் கைதட்டினீர்கள்? பின்வரிசையில் ஒரு பிள்ளை கழுத்துப்பட்டியின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றதை ஒருவரும் காணவில்லையா?

வெட்டுப்புள்ளி, அதாவது கம்பஸுக்குள் எடுக்கிற ஆகக் குறைந்த புள்ளி, என்றால் என்னவென்று மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பெரும்பாலான துறைகளுக்குக் கம்பஸ் இடங்களை 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்றுதான் காலங்காலமாகப் பிரித்து வந்தார்கள். முல்லைத்தீவில் உள்ளே போகிற அதே புள்ளி கொழும்பில் வெளியே நிற்கும். இருக்கிற இடத்தின் கணக்கு அது. அதை ஒரு பிள்ளையின் பெறுமதி என்று சொல்ல ஆருக்கு உரிமை இருக்கிறது?

பெறுபேறு வேறு, மனிசர் வேறு. இதைச் சொல்ல வன்னி ஆக்களுக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2009இல், யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில், தண்ணீர் வரிசையில் அதிபரும் நின்றார், கமக்காரரும் நின்றார், கடை வைத்திருந்தவரும் நின்றார். எல்லார் கையிலும் கான். எத்தனையோ பேரின் சான்றிதழ்கள் முள்ளிவாய்க்கால் மணலோடு போய்விட்டன. அந்த வரிசையில் ஒருத்தரை ஒருத்தர் கேட்டது, "உங்கட ஆக்கள் எல்லாரும் இருக்கினமோ?" என்று மட்டும்தான். இருக்கிறதே போதுமாக இருந்த சனம் நாங்கள். அதற்குள் எப்படி மறந்தோம்?

"அப்ப படிப்பு வேண்டாம் எண்டு சொல்லுறியோ?" என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. எல்லாம் இழந்த இடத்தில் படிப்புத்தான் மிஞ்சின சொத்து என்கிறீர்கள், அது உண்மைதான். அதற்காக, படிப்பு வராத பிள்ளையைச் சபையில் நிறுத்துவதா?

"உனக்கு உத்தியோகம் இருக்கு, நீ கதைப்பாய்" என்று போன முறையும் ஒருவர் எழுதியிருந்தார். என் வீட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். என் அண்ணாவுக்கு யுத்த நேரம் மாத்தளனில் செல் (எறிகணை) விழுந்து ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக்கால் போட்டு நடப்பார். வெயில் காலத்தில் உரஞ்சிப் புண் வந்தால் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டுத் திண்ணையில் இருப்பார். வேலைக்குப் போவதில்லை. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் முதல் கேட்பது, "தம்பி இப்ப என்ன செய்யிறார்?" அவர் பக்கத்திலேயே இருப்பார், கேள்வி அம்மாவுக்கு. உடனே அம்மா கணக்குக் காட்டத் தொடங்குவா. "கோழிக்குத் தீன் போடுறது அவன்தான், பேரப்பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு வாறதும் அவன்தான்." கேட்கும்போது எனக்கு நெஞ்சு பத்தும். ஒரு தாய் ஏன் தன் பிள்ளைக்கு இப்படிக் கணக்குக் காட்ட வேண்டும்? கோழிக்குத் தீன் போடாவிட்டால் அவர் என் அண்ணா இல்லையா? ஒன்றுமே செய்யாமல் அந்தத் திண்ணையில் இருந்தாலும் அவர் எங்கள் வீட்டு மூத்த பிள்ளை.

"இப்பிடிச் சொன்னால் சோம்பேறிகள் கூடிவிடுவினம்" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். தாராளமாக எழுதுங்கள், நான் பதில் போடப் போவதில்லை. கால் இல்லாமல், கண் இல்லாமல், உடம்புக்குள் செல் துண்டோடு எத்தனை வீடுகளில் ஆக்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே இதை எழுதுகிறவரோடு எனக்குக் கதை இல்லை.

வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு வாருங்கள், தேத்தண்ணி குடியுங்கள். அண்ணாவோடு கதைக்க விருப்பமென்றால் அவரிடமே கதையுங்கள். சுகமோ என்று கேளுங்கள், சாப்பிட்டீர்களோ என்று கேளுங்கள். என்ன செய்கிறார் என்று அம்மாவிடம் கேட்காதீர்கள்.